சுக்குவுக்கு முள் தைத்த நாள்

நாய் மூச்சை உள்ளே இழுக்கும்போது முள் இறங்குகிறதா, வெளியே விடும்போது இறங்குகிறதா என்று காசிமாயனுக்குப் பிடிபடவில்லை. ஏதோ ஒன்றில் இறங்கிக்கொண்டிருந்தது. கால்நடை மருந்தகத்து வராந்தாவில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் காப்பிச் சாக்கை விரித்து, அதன்மேல் நாயைக் கிடத்தி, அதன் நெஞ்சுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு, எட்டு மணியிலிருந்து அவர் கவனித்துக்கொண்டிருந்தது இதை மட்டும்தான். மூஞ்சியில் தைத்திருந்த மூன்று முட்கள் அவரை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட முட்கள், ஒவ்வொன்றும் ஒரு சாண். ஒன்று வலது கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. சுக்கு இமைக்கும்போதெல்லாம் அது லேசாக ஆடியது. பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் அது கண்ணெதிரே இருந்தது, வெளியே இருந்தது, பிடித்து இழுக்க இடம் வைத்திருந்தது. நெஞ்சில் தைத்ததுதான் காணவில்லை. அங்கே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துளையும் அதைச் சுற்றிக் காய்ந்த ரத்தமும் மட்டும் இருந்தன. பெரிய முள் அதுதான். காலையில் அவர் பார்த்தபோது முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. இப்போது இல்லை, ஏனென்றால்... அந்த இடத்துக்கு வந்ததும் அவர் மனம் மாடு மிரண்டு நிற்பதுபோல நின்றது, பின் சுவரில் ஒட்டியிருந்த கோமாரி தடுப்பூசி விளம்பரத்தின் மேல் போய் விழுந்தது. அதில் ஒரு பசு சிரித்தது. பசு எங்கே சிரிக்கும். "டாக்டரம்மா கீழ்பாறைக்குப் போயிருக்காகண்ணே," என்று மருந்தகத்து உதவியாளர் லூர்துமேரி அவர் வந்ததுமே சொல்லிவிட்டாள். "மாட்டுக்குக் கன்னு குறுக்கக் கெடக்காம். பெரட்டி எடுக்கப் போனாக." எப்போது வருவார்கள் என்று கேட்டார். "அது கன்னுக்குத்தேன் தெரியும்," என்றாள். பிறகு குனிந்து நாயைப் பார்த்து, "என்ன மாப்ள, மீசையெல்லாம் வச்சு வந்திருக்க? பொண்ணு பாக்கவா?" என்றாள். சுக்கு வாலின் நுனியை மட்டும் ஒருமுறை அசைத்தது. இந்த நிலைமையிலும் அதற்கு மரியாதை தெரிகிறது என்று நினைத்தார். உடனே, இதை மனைவியிடம் சொல்லலாம் என்று தோன்றியது. ஏழு மணிக்கு. லூர்துமேரி மாப்ள என்றாள், வாலை ஆட்டியது என்று. தோன்றிய வேகத்திலேயே அந்த நினைப்பைத் தள்ளிவிட்டார்.

ஏழு மணி என்பது பவுன்தாய் போன் செய்யும் நேரம். அவள் திருப்பூருக்குப் போய்ப் பதினான்கு மாதம். மகள் பிருந்தாவின் முதல் பிரசவம். முறைப்படி மகள்தான் இங்கே வந்திருக்க வேண்டும். பவுன்தாய் உள்ளறைக்கு வெள்ளையடித்து, கட்டிலின் ஆட்டத்தைச் சரிபண்ணி, பழைய சேலைகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்திருந்தாள். அவர்தான் சொன்னார், மலை ரோடு, முப்பத்தேழு வளைவு, நடுவழியில் வலி எடுத்தால் யார் பதில் சொல்வது, நீ அங்கே போய்விடு என்று. யோசித்துச் சொன்னதுதான். யாரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். ஆனால் அன்றைக்கு அந்தத் துணி மடிப்புகளை அவள் திரும்பவும் எடுத்து ஒரு பையில் வைத்தபோது அவர் பக்கம் பார்க்கவில்லை. அதை அவர் அப்போதே கவனித்தார். கவனித்துவிட்டு, மடை பார்க்கப் போனார். குழந்தைக்கு மூன்று மாதமானபோது, "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டுமா?" என்று போனில் கேட்டாள். "உன் இஷ்டம்," என்றார். பெருந்தன்மையாகச் சொன்னதாகவே வெகுநாள் நினைத்திருந்தார். இப்போது அந்த இரண்டு சொற்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது, அவள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி கேட்டது. ஒரு தடவை கதவைத் திறந்து விட்டதுபோல. இன்னொரு தடவை சாத்தியதுபோல. அதன்பின் அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை என்றால் யாராவது ஒரு பெரியவர் நடுவில் வந்து தீர்த்துவைத்திருப்பார். எது நடக்கவில்லையோ அதை எப்படித் தீர்ப்பது? தினமும் ஏழு மணிக்கு, மருமகன் கம்பெனியிலிருந்து வருவதற்கு முன், அவள் அழைப்பாள். "சுக்கு என்ன பண்ணுது?" அதுதான் முதல் கேள்வி. கடைசிக் கேள்வியும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான். இருமுகிறதா, ரோமம் கொட்டுகிறதா, மழைக்கு எங்கே படுக்கிறது. ஏழு வருஷத்துக்கு முன் வாரச் சந்தையிலிருந்து அவள்தான் அதை முந்தானையில் முடிந்ததுபோல் கொண்டுவந்தாள். சுக்குத் துண்டு மாதிரி வற்றிச் சுருண்டு இருந்தது, அதனால் அந்தப் பெயர். நாயைப் பற்றிப் பேசும்போது அவள் குரல் பழைய குரலாக இருக்கும். அவர் அந்தக் குரலுக்காகப் போனைக் காதோடு அழுத்திக்கொள்வார். அவருடைய முட்டிவலியைப் பற்றி அவள் கேட்டதில்லை. அவர் சொன்னதுமில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பாளோ. நாய் ஒன்று நடுவில் இருந்ததால் இருவருக்கும் வசதியாகப் போயிற்றோ. இது செத்துப்போனால் நாளை ஏழு மணிக்கு அவள் என்ன கேட்பாள்? இழவு கேட்பதுபோல் நாலு நாள் கேட்பாள். ஐந்தாம் நாள்?

உள்ளங்கையின் கீழ் நெஞ்சு சட்டென்று ஏறி இறங்கியது, சுக்கு ஒரு முறை இருமியது. அவர் குனிந்து அதன் வாயைப் பார்த்தார். ஒன்றுமில்லை, ரத்தம் இல்லை. அவர் நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்தார். முப்பத்தொரு வருஷம் காப்பித் தோட்டங்களில் கவாத்து மேஸ்திரியாக இருந்தவர். ஒரு செடியைப் பார்த்தால் எதை வெட்ட வேண்டும் என்பதுதான் முதலில் கண்ணில் படும். உள்ளே வெளிச்சம் போகவில்லையா, வெட்டு. கிளை கிளையோடு உரசுகிறதா, வெட்டு. வெட்டின இடத்தில் துளிர்க்கும். வெட்டாமல் விட்ட செடி இலையாக மண்டி, காய்க்காமல் கிடக்கும். காலையில் சுக்கு படுக்க முடியாமல் தவித்தபோதும் கண் அப்படித்தான் பார்த்தது. படுக்கப் போகும், நெஞ்சிலிருந்த முள் தரையில் இடிக்கும், வீலென்று கத்தி எழும்பும், திரும்பவும் படுக்கப் போகும். பிடுங்கப் பார்த்தார், கடிக்க வந்தது. அவரைக் கடிக்க வந்தது, ஏழு வருஷத்தில் முதல் தடவை. தோட்டத்தில் எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறார், முள்ளம்பன்றி முள்ளுக்குள் காற்று இருக்கிறது, நறுக்கிவிட்டால் காற்று இறங்கும், பிடி தளர்ந்து தானாக விழுந்துவிடும் என்று. அவரே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறார். கவாத்துக் கத்தரியை எடுத்து வந்து, இரண்டு விரல் அளவு விட்டு, ஒரே அழுத்து. சுத்தமான வெட்டு. சுக்கு அப்படியே சரிந்து படுத்தது, நெஞ்சைத் தரையில் வைத்து, கண்ணை மூடி. அந்த நிம்மதியைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். உள்ளே போய்க் கடுங்காப்பி போட்டார். நின்றுகொண்டே குடித்தார். திரும்பி வந்து புரட்டிப் பார்த்தபோது இரண்டு விரல் கட்டை இல்லை. விழுந்துவிட்டது! அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசியது. குனிந்து தரையெல்லாம் தேடினார். சாக்கை உதறினார், விளக்குமாற்றைத் தூக்கிப் பார்த்தார், கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தார். கையில் வைத்துப் பார்க்க வேண்டும், பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும் என்று தேடினார். கட்டிலுக்கடியில் முழங்காலிட்டிருந்தபோதுதான் அது எங்கே போயிருக்கும் என்று உறைத்தது. நாய் தன் எடையாலேயே அதைத் தனக்குள் அழுத்திக்கொண்டு படுத்திருந்தது. அவர் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த நேரமெல்லாம்.

வராந்தாவில் வெயில் பெஞ்சின் கால்வரை வந்துவிட்டது. பினாயில் வாசனையும் சாண வாசனையும் கலந்து அடித்தது. "டீ சொல்லவாண்ணே?" என்று லூர்துமேரி உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "வேணாந்தா." "நாய்க்கு முள்ளு தச்சா நீங்க ஏன் பட்டினி கெடக்கீக?" அவர் சாக்கின் ஓரத்தை இழுத்துவிட்டார். கத்தரி விஷயத்தை அவர் ஓரளவு நேராகப் பார்த்துவிட்டார். அது அறியாமை, ஊரே செய்கிற தப்பு. அதற்கு முந்தியது ஒன்று இருந்தது. மனம் காலையிலிருந்து அதன் பக்கத்தில் போவதும் வருவதுமாக இருந்தது. கயிறு. விடிந்தும் விடியாத நேரத்தில் தினமும் அவர் சுக்குவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தோட்டத்தின் அடிவரப்பு வரை போவார், ஓடைக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க. இன்றைக்கும் போனார். பனி மூடியிருந்தது. ஆரஞ்சு மரத்துக்குப் பின்னால், சேனைக்கிழங்கு போட்டிருந்த இடத்தில், முறத்தில் மூங்கில் குச்சிகளைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். அவருக்குத் தெரியும் அது என்ன என்று. முப்பத்தொரு வருஷம் காட்டோடு இருந்தவனுக்குத் தெரியாதா. சுக்கு கயிற்றை இழுத்தது. கை வழுக்கியது. இல்லை. கயிறு பனியில் நனைந்திருந்தது, அதனால் வழுக்கியது. நனைந்த கயிறு வழுக்காது, இறுகும், அது அவருக்குத் தெரியாதா. சுக்கு இழுத்தது, அவர் விரல்கள் பிரிந்தன, அந்த ஒரு நொடியில் அவர் உள்ளுக்குள் ஏதோ ஒன்று சிரித்தது. எதற்குச் சிரித்தது?

பதினான்கு மாதமாக, ஒவ்வொரு நாளும் அவர் ஏழு மணிக்காக எதையாவது சேர்த்து வைப்பார். சுக்கு அணிலைத் துரத்தியது, சுக்கு தபால்காரர் செருப்பைத் தூக்கிப்போனது. முதலில் எல்லாம் நடந்ததுதான். ஆனால் ஏழு வயது நாய் ஒரு நாளில் எவ்வளவுதான் செய்யும்? பெரும்பாலும் தூங்கும். "என்ன பண்ணுது?" "படுத்திருக்கு." அத்தோடு பேச்சு முடிந்துவிடும், "சரி, வச்சிரட்டா?" என்பாள். அப்படி முடிந்த ஒரு சாயங்காலத்துக்கு அப்புறம்தான் அவர் கொஞ்சம் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார். குரங்கு ஒன்று கொய்யா பறிக்க வந்தது, சுக்கு அதன் வாலைப் பிடித்து இழுத்தது. அவள் சிரித்தாள். எத்தனை மாதத்துக்கு அப்புறம் கேட்ட சிரிப்பு. மறுநாள் குரங்கு கூட்டத்தோடு வந்தது. அதற்கடுத்த நாள் சுக்கு சாய்ந்த பலா மரத்தில் பாதி ஏறிவிட்டது. பகலில் களை பார்க்கும்போதும் குளிக்கும்போதும் அவர் அதை யோசித்துக்கொண்டே இருப்பார், எங்கே அவள் "பிறகு?" என்பாள், எங்கே சிரிப்பாள் என்று. மடியில் கிடக்கிற இந்த நாயை அவர் சரியாகப் பார்த்தே பல நாளாகிவிட்டதோ. போனில் ஓடுகிற நாயைத்தான் வளர்த்துக்கொண்டிருந்தாரோ. நேற்றைக்குச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதனால் அவள் சீக்கிரம் வைத்துவிட்டாள். ஆகவே இன்று காலை ஆரஞ்சு மரத்துக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டபோது, இன்றைக்கு ஒன்று கிடைத்தது என்று, நிஜமாகவே ஒன்று, இட்டுக்கட்டாமல், என்று... அவர் கையை நாயின் நெஞ்சிலிருந்து எடுத்தார். அந்தக் கை அங்கே இருக்கக்கூடாது என்று பட்டது. உடனே சுக்கு கண்ணைத் திறந்து, முள் ஆட, கை எங்கே என்று தேடியது. திரும்பவும் வைத்தார். முள்ளம்பன்றி ஓடவில்லை. முதுகைக் காட்டி, முட்களை விரித்து, பின்பக்கமாகவே வந்து மோதியது. எல்லாம் மூன்று எண்ணுவதற்குள். பிறகு பனிக்குள் அந்தக் கலகலவென்ற சத்தம் தூரமாகிப் போனது, நிதானமாக, வேலை முடிந்தவன் போவதுபோல.

டாக்டரம்மா பத்தேகாலுக்கு வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. முழங்கைவரை கழுவியும் போகாத கறை, முகமெல்லாம் களைப்பும் சிரிப்பும். "கெடாரிக் கன்னு," என்றார் லூர்துமேரியிடம். மேசையில் சுக்குவைக் கிடத்தி மயக்க ஊசி போட்டு, மூஞ்சியிலிருந்த மூன்றையும் இடுக்கியால் பிடித்து நேராக, அவசரமில்லாமல் இழுத்தார். கண் தப்பியது. காசிமாயன் அவற்றை எண்ணவில்லை, பார்க்கவும் இல்லை. நெஞ்சுத் துளையை விரலால் அழுத்திய டாக்டர் நிமிர்ந்தார். "உள்ள ஒண்ணு இருக்கே. இது எப்படி இப்படி ஆச்சு? முறிஞ்சதா, யாரும் நறுக்கினீங்களா?" "தெரியலம்மா," என்றார் காசிமாயன். அவர் யோசிக்கும் முன்பே வாய் சொல்லியிருந்தது. "ஓடறப்ப எங்கயாச்சும் முட்டி முறிஞ்சிருக்கும்." டாக்டர் கையுறையைக் கழற்றினார். "முறிஞ்சதுன்னா நான் இங்க தொட மாட்டேன். சிலாம்பு சிலாம்பா உள்ள நிக்கும், நுரையீரல் பக்கம். திண்டுக்கல் கொண்டுபோய்ப் படம் எடுத்துட்டுத்தான் திறக்கணும். ஜீப் பிடிங்க." முப்பத்தேழு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வண்டி குலுங்கும், ஒவ்வொரு குலுக்கலிலும் முள் இன்னும் இறங்கும். லூர்துமேரி ஜீப்காரன் நம்பரைத் தேட ஆரம்பித்திருந்தாள். ஒரு சின்னச் சொல்லை மாற்றினால் போதும். ஆனால் மாற்றினால் அவர் பொய் சொன்னவர், அதுவும் இந்தச் சின்னப் பெண்ணிடம், அதுவும் லூர்துமேரி கேட்க. நாளைக்குச் சந்தையெல்லாம் பரவும். அவமானம் என்று ஒன்று எவ்வளவு வேகமாக வந்து குறுக்கே உட்கார்கிறது, நாய் மூச்சுக்குத் தவிக்கிறபோதுகூட. "அம்மா," என்றார். "நாந்தேன் நறுக்கினேன். கத்தரி வச்சு. ரெண்டு விரலு விட்டு. படுத்து அமுக்கிருச்சு." டாக்டர் மறுபடி துளைமேல் குனிந்தார். "நேரா நறுக்கினீங்களா?" "நேரா." "ஒரே துண்டா உள்ள இருக்கு, அப்படித்தானே?" "அப்படித்தேன்." "இதை முதல்ல சொல்லுறதுக்கென்ன, இங்கயே எடுத்துரலாமே," என்று மட்டும் சொல்லிப் புதுக் கையுறை போட்டார். தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மயங்கிய தலை கனமாக, சூடாக அவர் கைகளுக்குள் கிடந்தது. நாக்கு வெளியே தொங்கியது. அவர் அந்த நாக்கை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றார், அதன் நிறம் மாறாதிருக்க வேண்டும் என்று. கிண்ணத்தில் ஏதோ விழுந்த ஓசை. "பொழைச்சுக்கும். நாளைக்குக் காலைவரைக்கும் பாப்போம்," என்றார் டாக்டர். லூர்துமேரி காசிமாயனைக் கண்ணெடுத்துப் பார்க்காமல் பஞ்சை மடித்துக்கொண்டே, "எங்கப்பாவும் நறுக்கத்தேண்ணே சொல்வாரு," என்றாள்.

மறுபடி வராந்தா, அதே பெஞ்சு. மயக்கம் தெளியும்வரை இருக்கச் சொல்லியிருந்தார்கள். மடியில் சுக்கு, நெஞ்சில் வெள்ளைக் கட்டு. மணி பதினொன்றரை. ஏழுக்கு இன்னும் ஏழரை மணி நேரம் இருந்தது. அதற்குள் எதை வேண்டுமானாலும் தயார் பண்ணிவிடலாம். சொல்லாமலே விடலாம். கட்டு பிரித்தபின் சொல்லலாம், சுக்கு வீரமாக நின்றது என்று, முள்ளம்பன்றியே ஓடிவிட்டது என்று. எங்கே "பிறகு?" என்பாள் என்றுகூட அவருக்குத் தெரிந்துவிட்டது. தன் மனம் அதற்குள் அந்த வேலையைத் தொடங்கியிருப்பதைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. போனை எடுத்தார். பதினான்கு மாதத்தில் அவர் அழைத்ததே இல்லை என்பது, அவள் பெயரைத் தேடும்போதுதான் தெரிந்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "என்னங்க? உங்களுக்கு என்ன? என்னாச்சு?" குரல் கிழிந்ததுபோல் வந்தது. அவளுக்கு நாய் ஞாபகமே வரவில்லை. அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். "எனக்கு ஒண்ணுமில்ல பவுனு. சுக்குவை முள்ளம்பன்னி குத்திருச்சு. டாக்டரம்மா எடுத்துட்டாக. மயக்கத்துல இருக்கு." "ஐயோ. கயித்துல பிடிச்சுல்ல போவீக?" அத்துக்கொண்டு ஓடிவிட்டது என்கிற சொல் நாக்கின் மேல் தயாராக உட்கார்ந்திருந்தது. "பிடிச்சிருந்தேன். நாந்தேன் விட்டேன்." "தெரிஞ்சேவா?" "தெரிஞ்சே." "எதுக்கு?" பின்னால் எங்கோ குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. அவர் சுக்குவின் கட்டைப் பார்த்தார், எதிர்ச்சுவரைப் பார்த்தார். "சாயங்காலம் உங்கிட்டச் சொல்றதுக்கு." சொல்ல ஆரம்பித்தவருக்கு நிறுத்த முடியவில்லை. "குரங்கு வந்தது, அதெல்லாம் நடக்கல பவுனு. நானாச் சொன்னது." "மரத்துல ஏறுச்சுன்னீகளே, அன்னைக்கே தெரியும்," என்றாள். "தெரிஞ்சா ஏன் கேட்ட?" "நீங்க பேசுனீக, கேட்டேன்." அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அவள் மூச்சு மட்டும் கேட்டது. என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரே எழுத்துதான். அது மேலே வர மாட்டேன் என்றது. அதை அவர் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்தார். "வா," என்றார். சத்தமாகச் சொன்னாரா, உதடு மட்டும் அசைந்ததா என்று சந்தேகம் வந்து, "வா பவுனு," என்று இன்னொரு தடவை சொன்னார். குழந்தை தட்டுவதை நிறுத்தியிருந்தது. "திண்டுக்கல்லருந்து மலைக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு இப்ப?" என்று கேட்டாள். நாயைப் பார்க்க வருகிறாளா, தன்னைப் பார்க்கவா, வந்தால் எத்தனை நாளைக்கு என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. "ஆறே கால்," என்றார். "ஆறே கால்," என்று அவள் திருப்பிச் சொன்னாள், போனைவிட்டுத் தள்ளி, அறையிலிருந்த மகளுக்குச் சொல்வதுபோல.